ஏழாம் எண் காரின் இடப்பக்கக் கதவு

போன மாதம் எங்கள் காப்புறுதிக் கம்பனியின் பழைய இரத்தினபுரிக் கிளையிலிருந்து நிரோஷா என்ற அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்கு வந்தவர். நேரில் பார்த்ததில்லை.

"மிஸ், கம்பனியில புதுசா ஒரு கவர் குடுக்கப் போறோம். ட்ராக்ல கார் ஓட்டிப் பழகுற நாளுக்கும், வேகமா ஓட்டப் பழக்குற ஸ்கூல்களுக்கும். படிவத்துல பயிற்சியா, பந்தயமான்னு ஒரு கேள்வி இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க போடுறதுன்னு ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. ஒங்களத்தான் கேக்கச் சொன்னாங்க. எழுதித் தாறீங்களா?"

விதி ஏதும் எழுதித் தர என்னால் முடியாது என்றேன். அந்தக் கோட்டை ஒரு முறை நான் தவறான இடத்தில் போட்டேன். அதை வேண்டுமானால் எழுதுகிறேன் என்று சொன்னேன்.  "அதையே எழுதுங்க மிஸ்" என்றார் அவர்.

சாதாரண மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஈடுபட்டிருக்கும்போது வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்குக் கம்பனி பொறுப்பில்லை என்பது அது. வாங்குகிறவர்கள் அதை வாசிப்பதில்லை. விற்கிறவர்கள் வாசித்துக் காட்டுவதுமில்லை. கார் நொறுங்கிய பிறகுதான் இரண்டு தரப்பும் பத்திரத்தை விரித்து அந்த வரியைத் தேடும். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் என் வேலை அப்போதுதான் தொடங்கும்.

நான் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் சீட்டுக்குப் புகைபோடும் ஸ்டோரில் வேலை செய்தார். உயர்தரப் பரீட்சை முடித்து, தட்டச்சுக்காரியாகக் கிளையில் சேர்ந்தேன். களு கங்கை பெருகிய ஒரு வருடம் நகரத்துக் கார்கள் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றன. பார்க்க ஆள் போதாமல் என்னையும் ஒரு கொப்பியோடு அனுப்பினார்கள். சேறு எந்த உயரம் வரை ஏறியது என்று கதவின் உள்தகட்டைத் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். அதை வாசித்த மேலாளர் என்னைத் தட்டச்சு இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகு கராஜ்களும் வீதியோரங்களும்தான் என் அலுவலகம். கிளையில் வெளிவேலைக்குப் போன பெண் நான் ஒருத்திதான்.

அந்த மேலாளரின் பெயர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். கிளையில் எல்லோருக்கும் அருளம்பலம் சேர். சத்தம் போட மாட்டார். அறிக்கையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். ஒரு வரிக்கு அடியில் அடிமட்டத்தை, அதாவது மர அளவுகோலை, வைத்து, அந்த வரியை வாசித்து முடித்துத்தான் அடிமட்டத்தைக் கீழே இறக்குவார். இடையில் நிறுத்தி, தலையைத் தூக்காமல் கேட்பார்.

"இது கண்டனீரோ, கேட்டனீரோ?"

கண்டேன் என்றால் அடிமட்டம் இறங்கும். கேட்டேன் என்றால் அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். ஒரு பக்கத்தில் மூன்று வட்டத்துக்கு மேல் விழுந்தால் அறிக்கை திரும்பி வரும். ஏன் என்று சொல்ல மாட்டார். நாங்களே மறுபடியும் கராஜுக்குப் போவோம்.

நான் பெயர் வாங்கிய கேஸ் ஒரு மாணிக்க வியாபாரியின் மகனுடையது. நாய் குறுக்கே வந்ததால் மதகில் மோதிவிட்டது என்று நஷ்டஈட்டுக் கோரிக்கை போட்டிருந்தார். காரைச் சுற்றி வந்தேன். முன் விளக்குக் கண்ணாடிகள் இரண்டிலும் டேப் ஒட்டிப் பிய்த்த பசை, பெருக்கல் குறி போல இருந்தது. கல் பட்டு விளக்கு உடைந்தால் சில்லுகள் பாதையில் சிதறாமலிருக்கப் பந்தயக்காரர்கள் அப்படி ஒட்டுவார்கள். கதவுத் தூசியில் சதுரமாக ஓரிடம் மட்டும் சுத்தமாக இருந்தது. எண் ஒட்டிய இடம். பாரம் குறைக்கப் பின்சீட்டையும் உதிரிச் சக்கரத்தையும் கழற்றியிருந்தார்கள். திரும்பப் பூட்டிய ஆணிகள் பளபளவென்று புதிதாக இருந்தன. நாய் ஒன்றும் வரவில்லை, மலையேற்றப் பந்தயத்துக்குப் பழகும்போது மோதியது என்று எழுதினேன். அருளம்பலம் சேர் ஒரு வட்டமும் போடவில்லை. அந்த மகனே கடைசியில் கோரிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சப்ரகமுவ மாகாணம் முழுக்கப் பந்தயச் சந்தேகம் உள்ள கார் எது வந்தாலும், "ராஜேஸ்வரி மிஸ்ஸ அனுப்புங்க" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. காரைப் பார்ப்பதற்கு முன்பே முடிவைப் பார்த்துவிடும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் எனக்கு வந்தது.

அப்படியிருக்கும்போதுதான் யோகராஜின் கார் வந்தது.

யோகராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, சாரதியாகி, பழைய வெள்ளைக் கார் ஒன்றைச் சொந்தமாக்கியவர். தோட்டத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் அவர் காரில்தான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வாடகைக்கு ஓட்டுவதையும் சேர்த்தே காப்புறுதி எடுத்திருந்தார். அதில் குறை ஏதும் இல்லை.

விபத்து நடந்தது வேறொரு ரப்பர் தோட்டத்தின் தனிப் பாதையில். கொழும்பிலிருந்து வந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று ஒரு நாளைக்கு அந்தப் பாதையை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி மூடியிருந்தது. காலையில் வகுப்பு, பிற்பகலில் விரும்பியவர்களுக்கு நேரக் கணக்கு வைத்து ஓட்டம். விளம்பரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி. யோகராஜின் கார் ஒரு வளைவில் மண்திட்டில் மோதி, இடப்பக்கமாகப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்திருந்தது.

நான் காரைப் பார்த்தது நகரத்துக் கராஜ் ஒன்றில். முன் விளக்குகளில் பெருக்கல் குறியாக டேப். கதவில் ஏழாம் எண். போதும் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது. இடப்பக்கக் கதவு நெளிந்து இறுகிப்போயிருந்தது. கராஜ்காரர், "பாரை போட்டாத்தான் தொறக்கும் மிஸ், அரை மணித்தியாலம் போகும்" என்றார். எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு கார் இருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். உடைந்த கண்ணாடித் தூளும் இலையும்தான் தெரிந்தன.

யோகராஜ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பழக்குன மாஸ்டர் பக்கத்துலதாங்க மிஸ் இருந்தாரு. அவரு சொன்ன எடத்துலதான் ப்ரேக்க மிதிச்சேன். காலைல நடந்துச்சு. மத்தியானம் ஓடின ரேஸுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"ஒங்களுக்கு எதுக்கு இந்த ஸ்கூல்?"

"ஒரு மழை நாளு, புள்ளத்தாச்சி ஒண்ண ஏத்திக்கிட்டுப் போனேன். வளைவுல கார் ஒரு சுத்து சுத்திருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னைக்கிலேருந்து ஸ்டியரிங்கப் புடிச்சா கை நடுங்குது. அதான் ஒழுங்கா பழகலாம்னு போனேன்."

"பந்தயம் ஓடினவங்க எல்லாருமே பழகத்தான் போனோம்னு சொல்வாங்க" என்றேன். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே அப்படித்தான் சொன்னேன்.

பள்ளி நடத்தியவரைத் தொலைபேசியில் பிடித்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். யோகராஜ் பிற்பகல் ஓட்டத்தில் தனியாகத்தான் ஓட்டினார், பயிற்சியாளர் யாரும் காருக்குள் இருக்கவில்லை என்றார். நேரக் கணக்குப் பட்டியலையும் அனுப்பிவைத்தார். ஏழாம் எண்ணுக்கு நேரே 'முடிக்கவில்லை' என்றிருந்தது. தோட்டத்துக்கு நான் போகவில்லை. ஒன்றரைப் பக்கத்தில் அறிக்கை எழுதினேன்: வேகச் சோதனையின்போது ஏற்பட்ட சேதம், பொறுப்பு இல்லை.

அருளம்பலம் சேர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். அடிமட்டம் இறங்கியது. இரண்டு வட்டம் விழுந்தன. அறிக்கையின் கடைசிப் பந்தியில் நிறுத்தினார்.

"இடப்பக்கக் கதவு இறுகிப் போச்சு எண்டு எழுதியிருக்கிறீர். உள்ளுக்குப் பாத்தனீரோ?"

"பார்த்தேன் சேர்."

"அந்தச் சீற்றிலை ஆள் இருந்த அடையாளம்?"

"இல்லைங்க சேர்."

அவர் கையெழுத்து வைத்தார். நான் பொய் சொல்லி அவர் வைத்த கையெழுத்து அது. சொல்லும்போது அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்தானே என்று மனம் ஒரு சமாதானம் வைத்திருந்தது.

நிராகரிப்புக் கடிதம் போன ஒன்பதாம் நாள் யோகராஜ் கிளைக்கு வந்தார். கத்தவில்லை. கவுண்டருக்கு முன்னால் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கவா? அந்தப் பக்கத்துக் கதவத் தொறந்து பாத்தீங்களா?"

"எல்லாம் பார்த்துத்தான் எழுதியிருக்கோம்."

"இல்லீங்க, கராஜ்காரரு யாரும் தொறக்கலேன்னு சொல்றாரு. தொறந்து பாருங்கன்னுதான் கேக்குறேன். அதுக்கப்புறம் குடுக்க முடியாதுன்னா போயிர்றேன்."

தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த மனிதர் என்னிடம் பணம் கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லித்தான் கேட்டார். பொய் சொல்கிறவர் திறக்கச் சொல்வாரா?

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கராஜில் நின்றேன். பாரை போட்டுக் கதவைப் பிரித்தார்கள். சீட்டின் மேல் கிடந்த கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு, பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுக்கப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் சுருள் இறுகிப் பூட்டிக் கிடந்தது. பெல்ட்டின் துணியை வெளிச்சத்தில் பிடித்தேன். தோளுக்கு மேலே இருக்கும் வளையத்தோடு உரசிய இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் உருகிப் பளபளத்தது. கொக்கியின் நாக்கிலும் பிளாஸ்டிக் சுரண்டப்பட்டிருந்தது. பிறகு சாரதி பக்கத்துப் பெல்ட்டைப் பார்த்தேன். அதே உருகல், அதே சுரண்டல்.

ஆள் இல்லாத சீட்டில் பெல்ட் இப்படி உருகாது. மோதிய வேகத்தில் ஓர் உடம்பு முன்னால் பாய்ந்து, அதைப் பெல்ட் இழுத்துப் பிடித்தால்தான் துணியும் வளையமும் அந்தச் சூட்டுக்கு வரும்.

கராஜ்காரர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். "ரெண்டு பேரு மிஸ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படமெடுத்தேன். பெல்ட் இரண்டையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு நேராகக் கிளைக்குப் போனேன். பஸ்ஸில் இருந்தபோது வேறு யோசனையும் வந்தது. புதிதாக ஒரு தகவல் கிடைத்தது என்று மட்டும் எழுதலாம். அன்றைக்குப் பார்த்தேன் என்று சொன்னதை யாரும் கிளற மாட்டார்கள். அந்த யோசனை கிளை வாசல் வரை என்னோடு வந்தது. உள்ளே போனதும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்தேன். இரண்டாவதாகச் சொன்னால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"சேர், அந்தக் கதவ நான் தொறக்கல. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. என்னை நேராகப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

"கடிதம் போய் எத்தினை நாள்?"

"பத்து நாளுங்க சேர்."

"பத்து நாளா அந்த மனுசன் பொய்யன் எண்ட பேரோடை திரியிறான்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "எழுத்திலை தாரும்" என்றார். "உம்மடை பைலிலை எச்சரிக்கைக் கடிதம் ஏறும். வெளிவேலையிலை இருந்தும் எடுப்பினம். தெரியுமோ?"

"தெரியுங்க சேர்."

"அதோடை, நானும் கையெழுத்து வைச்சனான். திரும்பக் கேட்டிருக்கவேணும், கேக்கேல்லை. என்ரை பேரையும் எழுதும். எழுதி வைச்சிட்டு, மிச்சத்தைக் கண்டுகொண்டு வாரும். பெல்ற் மட்டும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் காணாது, வேறை சாட்சியும் வேணும்."

அன்றே தோட்டத்துக்குப் போனேன். வளைவு, பால் நிறுக்கும் கொட்டகைக்கு எதிரிலேயே இருந்தது. நான் போனபோது பெண்கள் வெட்டிய ரப்பர் பாலை வாளிகளில் கொண்டுவந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா தூக்கிய வாளிகள் போலவேதான். பாதையை அளந்தேன். டயர் இழுபட்ட கோடுகள் மழையில் அழிந்துவிட்டன. மண்திட்டில் மோதிய பள்ளம் மட்டும் இருந்தது.

பாக்கியம் என்ற பெண், பாலை ஊற்றி முடித்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"அன்னைக்கிக் கார் கவுந்ததப் பாத்தீங்களா?"

"பாக்காம? வாளியத் தூக்கிக்கிட்டு இந்தா இங்கதான் நின்னேன். டப்புன்னு சத்தம். போய்ப் பாத்தா முன் கண்ணாடி வழியா ஒரு ஆளு ஊர்ந்து வந்துச்சு. செகப்புத் தொப்பி. தோளப் புடிச்சுக்கிட்டு, 'வத்துர, வத்துர'ன்னு தண்ணி கேட்டுச்சு. நான்தான் குடுத்தேன்."

"கார் ஓட்டினவரா?"

"அவரு இல்லீங்க. ஓட்டினவரு நம்மாளு. அவரு பின்னாலதான் வந்தாரு. ரெண்டு பேரு இருந்தாங்க. செகப்புத் தொப்பிக்காரர ஒடனே வேனுல ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க."

"நேரம்?"

"பால் நிறுத்து முடியல. அப்ப பன்னெண்டு ஆகலேன்னு வச்சுக்கங்க."

எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். பாக்கியம் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரைக்குத் தெரிஞ்சா ஏசுவாரு" என்றார். பிறகு கையைச் சேலையில் துடைத்தார். "ஏசட்டும். பாத்ததத்தானே சொல்றேன். குடுங்க." கல்லில் செதுக்குகிற மாதிரி அழுத்தி, முழுப் பெயரையும் எழுதினார்.

சிவப்புத் தொப்பிக்காரர் யார் என்று பள்ளி நடத்தியவர் சொல்லவில்லை. அவருடைய மரியாதைப் பேச்சு அன்றோடு நின்றது. யோகராஜுக்குத்தான் தெரிந்திருந்தது: நிமல், ரம்புக்கனையில் வீடு. என்னோடு பேசும்போது யோகராஜ் ஒரு வார்த்தையும் கூடுதலாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

இரத்தினபுரியிலிருந்து கேகாலை, அங்கிருந்து இன்னொரு பஸ். ஸ்டேஷனுக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டிய வீடு. நிமலின் அம்மா கதவைப் பாதி திறந்து, மகன் இல்லை என்றார். "சரி அம்மே, நான் காத்திருக்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு முற்றத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். மலையேறும் ரயில் ஒன்று போனது. இறங்கும் ரயில் ஒன்று போனது. அம்மா ஒரு தரம் தேநீர் கொண்டுவந்து தந்தார். மூன்றாவது ரயில் போன பிறகு, வீட்டுக்குள்ளேயிருந்து நிமல் வந்தார். இடக்கையைத் தூக்காமல் நடந்தார்.

எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான்.

"பேசினால் இனிக் கூப்பிட மாட்டேன் என்று பள்ளி நடத்துகிறவர் சொல்லியிருக்கிறார் மிஸ். எனக்கு நியமனக் கடிதம்கூட இல்லை. நாள் வேலைதான்."

"நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. தோளை மட்டும் காட்டுவீர்களா?"

யோசித்தார். பிறகு சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றினார். இடது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே வலது விலா வரை ஒரு பட்டை. ஓரமெல்லாம் மஞ்சளாகி, நடுவில் இன்னும் நீலம் போகாமல் இருந்தது. நம் நாட்டுக் காரில் சாரதிக்குப் பெல்ட் வலது தோளால் வரும். இடது தோளால் வருவது பக்கத்தில் இருப்பவருக்குத்தான். அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டையும் அவர் அம்மா எடுத்து வந்தார். அதிலும் இடது தோள் என்றே எழுதியிருந்தது.

"யோகராஜுக்குக் காசு கிடைக்காதா?" என்று நிமல் கேட்டார்.

"அவரைப் பொய்யர் என்று கடிதம் அனுப்பியிருக்கிறோம். நான்தான் எழுதினேன்."

அவர் வாங்கில் உட்கார்ந்தார். "அவர்மேல் பிழை இல்லை மிஸ். ஈரப் பாதையில் எப்படி நிறுத்துவது என்று பழக்கிக்கொண்டிருந்தேன். முதல் தரம் நன்றாக நிறுத்தினார். இரண்டாம் தரம் இன்னும் கொஞ்சம் வேகமாக, ஐம்பதில் வரச் சொன்னது நான்தான். பாதைக் கல்லில் பாசி இருந்ததை நான் பார்க்கவில்லை."

நேரக் கணக்குப் பட்டியலைக் காட்டினேன். சிரித்துவிட்டார். வந்த கார்கள் எல்லாவற்றுக்கும் காலையிலேயே டேப்பும் எண்ணும் ஒட்டி, எண்களை அதில் எழுதிவிட்டார்களாம். பிற்பகல் ஓடாத கார்களுக்கெல்லாம் 'முடிக்கவில்லை' என்று போட்டிருந்தது. திரும்பப் பார்த்தேன். மூன்றாம் எண்ணுக்கும் பன்னிரண்டாம் எண்ணுக்கும் அப்படியே இருந்தது. அந்தப் பட்டியல் இரண்டு வாரமாக என் பைலில் கிடந்தது. ஏழாம் வரியைத் தவிர வேறெதையும் நான் வாசித்திருக்கவில்லை.

நிமல் வாக்குமூலம் தந்தார். அவர் அம்மா சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் முன்னால் என்னை நிறுத்தினார்கள். அருளம்பலம் சேர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடப்பக்கம் ஆள் இருந்தார் என்பதை அவர்கள் கால் மணித்தியாலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. நடுவில் இருந்தவர் நிமலின் வாக்குமூலத்தைத் தட்டிக் காட்டினார்.

"இன்னும் வேகமாக வா என்று பயிற்சியாளரே சொல்லியிருக்கிறார். குறிப்பிட்ட வேகத்தில் வரச் சொல்வது வேகச் சோதனைதானே? பயிற்சி என்றாலும் பத்திரத்தில் உள்ள அந்த விலக்கு வரி பொருந்தும்."

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸிலேயே எனக்குத் தெரியும். பத்திரத்தின் அந்த வரியைக் கொப்பியில் பத்துத் தடவை எழுதிப் பார்த்திருந்தேன்.

"ஒரு காராலோ சாரதியாலோ எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று பார்ப்பதுதான் வேகச் சோதனை. அங்கே கடிகாரம் வைத்தார்களா? இல்லை. யாரோடாவது போட்டியா? இல்லை. வேகமானியில் ஐம்பதுக்கு மேல் போகச் சொன்னாரா? இல்லை. ஐம்பதில் வந்து எத்தனை அடிக்குள் நிற்க முடியும் என்று பார்த்தார்கள். அங்கே சோதித்தது நிறுத்துவதை. அந்த மனிதர் தினமும் நோயாளிகளோடு போகிற பாதையில் அவருக்குத் தேவையானதும் அதுதான். நிறுத்தப் பழகுவதையும் விலக்குவதானால் அதை நாம் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை."

"உங்களுடைய முதல் அறிக்கை இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்கிறது?"

"ஆமாம். அது தவறு. ஏன் தவறு என்று எழுதித் தந்திருக்கிறேன். அதை எனக்கு எதிராக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதிராக வைக்காதீர்கள்."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். அருளம்பலம் சேர் யன்னலோரம் நின்று வீதியைப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நிராகரிப்பு நீக்கப்பட்டது. அதே நாளில் எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் கையில் கிடைத்தது. ஒரு வருடம் வெளிவேலை இல்லை. அவருக்கும் ஒரு கடிதம் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பயிற்சியில் நடந்தது என்றால் பழி தன்மேல் விழும் என்பதால், பள்ளி நடத்தியவர் கடைசி வரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நிமலை அவர் அதன் பிறகு வேலைக்குக் கூப்பிடவுமில்லை.

கார் திருத்தி வெளியே வந்த வாரம் யோகராஜ் கிளைக்கு வந்தார். மனைவி சாந்தியும் கூட வந்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"காரு கெடச்சிருச்சு மிஸ். ஆனா தோட்டத்துல எல்லாருக்கும் மொதல்ல வந்த கடிதாசிதான் தெரியும். ரேஸ் ஓடிக் காரக் கவுத்துட்டுப் பொய் சொன்னான்னு பேசுறாங்க. ரெண்டு பேரு ஏற மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அந்த எழுத்த எங்கயாவது அழிச்சீங்களா?"

அழிக்கவில்லை. கோரிக்கை ஏற்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரிதான் போயிருந்தது. முதல் அறிக்கை பைலில் அப்படியே இருந்தது.

"கடிதம் தருகிறேன், இருங்கள்" என்றேன். எங்கள் கிளையிலிருந்து தமிழில் கடிதம் போவதில்லை. கணினியில் தமிழ் எழுத்தும் அப்போது இல்லை. கம்பனித் தாளை எடுத்துக் கையாலேயே எழுதினேன். நீங்கள் பயிற்சி வகுப்பில்தான் இருந்தீர்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தார், எங்கள் பரிசோதனையில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்.

யோகராஜ் நின்றபடியே மெதுவாக வாசித்தார். தாளைக் கவுண்டரில் வைத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு போட்டிருக்கீங்க. அது தானா நேரலியே மிஸ்."

எனக்குக் காது சுட்டது. இன்னொரு தாள் எடுத்தேன். இப்படி எழுதினேன்: உங்கள் காரின் இடப்பக்கக் கதவை நான் திறக்கவில்லை. திறக்காமலே உள்ளே பார்த்ததாகச் சொன்னேன். நீங்கள் முதல் நாளே சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னது நான். கீழே என் பெயரையும் பதவியையும் எழுதி, அருளம்பலம் சேரிடம் கொண்டுபோனேன். வாசித்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்து, முத்திரையை எடுத்துத் தானே குத்தினார்.

யோகராஜ் அதை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். சாந்தி கவுண்டரில் நின்றபடியே, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் என்னவென்று கேட்டார்கள். என் பெயர் வந்த இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேசைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் வாசித்து முடிக்கும் வரை கவுண்டருக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றேன்.